பழைய ரயில், டிராம், பஸ், பயணிகள் படகு: மானியம் வாங்குவது எப்படி

"இன்ஜினை முழுமையாகப் புதுப்பித்து மறுபடியும் ஓட வைக்க நிதி வேண்டும்." பாரம்பரிய வாகனங்களுக்கான மானிய விண்ணப்பங்களில் அடிக்கடி தென்படும் வரி இது. ஆசையில் குறை இல்லை. ஆனால் இந்த வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவாலும் பணம் ஒதுக்க முடியாது. வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, முடிந்துவிட்டது என்று யார் எதை அளந்து சொல்வார்கள், பாதியில் பணம் தீர்ந்தால் வண்டி எந்த நிலையில் நிற்கும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லாத விண்ணப்பம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் தேறாது.

மானியம் வண்டிக்குக் கிடைப்பதில்லை, ஒரு வேலைக்குத்தான் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளைட் நதியில் ஓடும் வேவர்லி துடுப்புச் சக்கரக் கப்பல் 1946-இல் கட்டப்பட்டது. 2019-இல் அதன் பாய்லர்கள் இனி தாங்காது என்று ஆனதும், கப்பலின் சங்கம் "கப்பலைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாகக் கேட்கவில்லை. புதிய பாய்லர்கள் போட 23 லட்சம் பவுண்ட் என்று கணக்குச் சொல்லிக் கேட்டது. அதில் 10 லட்சத்தை ஸ்காட்லாந்து அரசு கொடுத்தது, மற்றதைத் திரட்டிக்கொண்டார்கள். 2020-இல் கப்பல் மறுபடி பயணிகளை ஏற்றியது. கேட்ட பொருள் என்ன, அதன் விலை என்ன, அது வந்தால் என்ன நடக்கும் என்று கொடுத்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி யார் பெயரில் இருக்கிறது

சலிப்பான வேலை, ஆனால் முதலில் இதுதான். பெரும்பாலான திட்டங்கள் பதிவுபெற்ற சங்கம், அறக்கட்டளை, அருங்காட்சியகம், உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றுக்கே பணம் தரும். தனி ஆளுக்குத் தருவது அபூர்வம். சங்கத்தின் கொட்டகையில் இருபது வருடமாக நிற்கிற பஸ், காகிதத்தில் ஓர் உறுப்பினரின் சொந்தச் சொத்தாக இருப்பது சர்வசாதாரணம். அவர் வண்டியைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நீண்டகால இரவல் ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தம் மானிய நிபந்தனைகள் அமலில் இருக்கும் காலத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அவருக்குப் பிறகு வாரிசுகளையும் அது கட்டுப்படுத்துமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று நேரில் பாருங்கள். பஸ்ஸில் சேசிஸ் எண், இன்ஜின் எண். ரயிலில் தயாரிப்பாளரின் பெயர்த்தகடு, அடிச்சட்டத்தில் குத்திய எண். படகில் பதிவு எண். ஓடிய காலத்தில் ஒரே பணிமனைக்குள் இன்ஜின்களும் பாய்லர்களும் சக்கரத் தொகுதிகளான போகிகளும் வண்டி மாறிப் போயிருக்கும். அது குற்றமில்லை. ஆனால் அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தை ஆராயும் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற வாக்கியங்களின் மீதும் சந்தேகம் விழும்.

வண்டி நிற்கும் இடமும் கேள்விக்கு வரும். கொட்டகையின் குத்தகை இன்னும் ஒரு வருடத்தில் முடிகிறது என்றால், அங்கே நிற்கும் மர ரயில் பெட்டிக்குப் பணம் தர யாருக்கும் மனம் வராது. மேலே கூரையே இல்லையென்றால் முதல் மானியத்தைக் கூரைக்குக் கேளுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த டிராமைத் திறந்தவெளியில் நிறுத்தினால் நான்கைந்து மழைக்காலங்களில் பணம் முழுக்கக் கரைந்துவிடும்.

நிலை அறிக்கை: வெற்றி தோல்வி இங்கேதான்

நிலை அறிக்கை என்பது வண்டியின் ஒவ்வொரு பகுதியும் இன்று எப்படி இருக்கிறது என்பதன் எழுத்துப் பதிவு. அதை எழுதும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல் இருக்க வேண்டும்: அளந்தது, பார்த்தது, ஊகித்தது. "பாய்லர் அடித்தகடு நன்றாக உள்ளது" என்பதற்கு மதிப்பு இல்லை. "பாய்லர் அடித்தகடு: ஊகம், குழாய்கள் இன்னும் உருவப்படவில்லை" என்பதற்கு இருக்கிறது. செலவு எங்கே எகிறும் என்பது அந்த மூன்றாவது சொல் நிற்கும் இடங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பொது அரங்கில் தெரிந்த உதாரணம் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன். 1923-இல் செய்யப்பட்ட நீராவி ரயில் இன்ஜின். 2004-இல் பிரிட்டனின் தேசியச் சேகரிப்புக்காக ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டது. அதில் பெரும்பகுதி தேசியப் பாரம்பரிய நினைவு நிதியிலிருந்து வந்தது. 2006-இல் தொடங்கிய புதுப்பிப்பு 2016-இல்தான் முடிந்தது. செலவு 42 லட்சம் பவுண்ட், அதாவது வாங்கிய விலையைவிட அதிகம். பிரித்துப் பார்க்கப் பார்க்கச் சட்டத்திலும் பாய்லரிலும் வேலை கூடிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் அதைத் தாங்க முடிந்தது. சிறு சங்கம் என்றால் நடுவிலேயே மூடியிருக்கும்.

நீராவி இன்ஜினில்: பாய்லரைச் சுற்றியுள்ள வெப்பக்காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) இருக்கிறதா என்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். இருந்தால், உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றும் செலவு தனி வரியாக வரும். அதன்பின் குழாய்களை உருவி, உள்ளே சுத்தம் செய்து, தகடுகளின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் போட்டு அளக்க வேண்டும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: நெருப்புப் பெட்டியின் அடி வளையத்தை ஒட்டிய பகுதி, அதன் மூலைகள், கழுவும் துளைகளைச் சுற்றி, புகைப்பெட்டிக் குழாய்த்தகட்டின் அடிப்பாகம். சகதி தங்கும் இடமெல்லாம் தகடு மெலிந்திருக்கும். பாய்லர் சான்றிதழ் எத்தனை வருடத்துக்கு, முழுப் பரிசோதனை எப்போது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1,472 ஓட்ட நாள் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் திட்டத்தின் கால அட்டவணை இந்தக் கெடுவோடு பொருந்த வேண்டும்.

மர உடல் கொண்ட டிராமிலும் ரயில் பெட்டியிலும்: வெளியே பளபளப்பாக இருக்கும், தகட்டைக் கழற்றினால் செங்குத்துச் சட்டங்களின் அடிப்பகுதி பொடியாக உதிரும். ஜன்னல் வழியே இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. பார்வைக்கு மோசமாக உள்ள இடத்தில் ஒரு தகடு, மிக நன்றாக உள்ள இடத்தில் ஒரு தகடு, இரண்டையும் கழற்றிப் பாருங்கள். நல்ல இடத்திலும் மரம் போயிருந்தால் முழு வரிசையும் போயிருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தேய்ப்பு வேலையைத் திட்டமிடுங்கள்.

டிராம் மோட்டாரில் ஒரு பொறி இருக்கிறது. மெக்கர் கருவியை வைத்து, மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத் தடையைப் பார்த்தால் 600 வோல்ட் மோட்டாரில் 2 மெகாஓமுக்குக் கீழே காட்டும். உடனே சுற்றுக்கம்பியை மாற்ற வேண்டும் என்று மானியம் கேட்டுவிடுவார்கள். பல வருடம் சும்மா நின்ற மோட்டார் ஈரம் இழுத்திருக்கும். அதைச் சூடான உலர்த்தும் அறையில் வைத்து மெதுவாக உலர்த்திவிட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறிவிட்டால் பெரும் செலவு மிச்சம். ஏறவில்லையென்றால் இரண்டு அளவுகளையும் தேதியோடு விண்ணப்பத்தில் வையுங்கள். சுற்றுக்கம்பியை மாற்றுவது அவசியம் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி இல்லை.

பஸ்ஸில் அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். இரு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு. பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய டயர் அளவுகள் இன்றும் கிடைக்கின்றனவா என்பதை விசாரித்துவிட்டு எழுதுங்கள். ஆறு டயர் கிடைக்காமல், வேலை முடிந்த பஸ் ஒன்றரை வருடம் கட்டையில் நிற்பதெல்லாம் நடக்கிற கதைதான்.

படகு விஷயம் வேறு. தண்ணீரில் மிதக்கும்போது அடிப்பாகத்தைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டிரை டாக்கில், அதாவது தண்ணீர் இல்லாத பழுதுபார்ப்புத் தளத்தில், ஏற்றினால்தான் தெரியும். டாக்குக்கு நாள் வாடகை, ஏற்றி இறக்கவும் தனிக் கட்டணம். ஒரு தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் அதை மூடும்வரை படகு இறங்க முடியாது. எனவே அளவும் விலையும் தனித்தனியாக உள்ள மதிப்பீடு வேண்டும்: ஒரு கிலோ இரும்புத் தகடு மாற்ற இவ்வளவு, தகடுகளை இணைக்கும் ஒரு ரிவெட்டுக்கு இவ்வளவு, ஒரு நாள் கூடுதல் தங்கலுக்கு இவ்வளவு. உத்தேசமாக 2,000 கிலோ என்று போட்டு, 3,000 கிலோ ஆனால் செலவு எவ்வளவு என்பதையும் அடுத்த வரியில் காட்டுங்கள். பாய்லரும் இன்ஜினும் அமர்ந்திருக்கும் பீடத்தின் அடி, நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பட்டை, அடித்தளத்தில் சிமென்ட் பூசிய இடங்கள் மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். சிமென்ட் எதைத் தாங்குகிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி.

இவ்வளவு ஆய்வுக்கே பணம் இல்லையென்றால், ஆய்வுக்கு மட்டும் ஒரு சிறு மானியம் கேளுங்கள். பல திட்டங்களில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தனிப்பிரிவு உண்டு. போட்டியும் அங்கே குறைவு.

வேலையை அளந்து எழுதுவது

"டிராமின் ஓட்டப் பகுதியைச் சரிசெய்தல்" என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலைக்கு விலை சொல்வார். அதையே இப்படி எழுதலாம்:

"இரண்டு ஆக்சில்களையும் கழற்றி, காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனை செய்து சான்றிதழ் தருதல். நான்கு சக்கரங்களின் ஓடும் பரப்பையும் விளிம்பையும் இணைத்துள்ள வரைபடத்தின்படி கடைதல்; ஒரே ஆக்சிலில் உள்ள இரு சக்கரங்களின் விட்ட வேறுபாடு 0.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நான்கு ஆக்சில் பெட்டிகளின் பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகம் (மென்மையான உலோகக் கலவை) மறுவார்ப்புச் செய்து பொருத்துதல். கழற்றிய பாகங்களுக்குச் சீட்டுக் கட்டிச் சங்கத்திடம் ஒப்படைத்தல். இதில் சேராதவை: மோட்டார், பிரேக் கம்பிகள், பெயின்ட், உடல்."

கடைசி வரி முக்கியம். சேராதவற்றைச் சொல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் "பிரேக் என்ன ஆயிற்று?" என்று கேட்பார், ஒப்பந்தக்காரர் "அது கூடுதல்" என்பார்.

பெரிய புதுப்பிப்பைக் கட்டங்களாக வெட்டும்போது ஒரே விதி: அடுத்த மானியம் வராமலே போனாலும் இந்தக் கட்டத்தின் முடிவில் வண்டி பாதுகாப்பாக, சேர்ந்தபடி, மழை படாமல் நிற்க வேண்டும். அதனால் கூரை முதலில், பிறகு சட்டமும் உடலும், பிறகு ஓட்டப் பகுதியும் இயந்திரமும், உள் அலங்காரமும் பெயின்டும் கடைசியில். படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று பெயின்டை முதலில் அடிக்கும் ஆசை எல்லாச் சங்கத்திலும் உண்டு. நன்கொடை திரட்டக்கூட அது உதவும், ஆனால் அனுபவமுள்ள குழு அதை ஒரே பார்வையில் கண்டுகொள்ளும்.

இந்த வண்டியே ஏன்?

இந்த வண்டியை ஏன் காக்க வேண்டும் என்று சொல்லும் முக்கியத்துவ அறிக்கையில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதன் முதுகெலும்பு ஒரு ஒப்பீட்டு அட்டவணை: இந்த வகை எத்தனை செய்யப்பட்டது, எத்தனை மிஞ்சியுள்ளது, அவை எங்கே, எந்த நிலையில், எவ்வளவு அசல் பாகத்தோடு. "மிகப் பழையது", "கடைசியாக மிஞ்சியது" போன்ற பெரிய உரிமைகோரல்களை யாராவது ஒருவர் உடைத்துவிடுவார். "இந்த வகையில் அசல் மர உடலும் அசல் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து மிஞ்சியிருப்பது இது" என்று குறுக்கிச் சொன்னால் நிற்கும். அந்தப் படகை ஓட்டியவர்கள், அந்த பஸ்ஸில் பள்ளிக்குப் போனவர்கள் ஆகியோரின் வாய்மொழிப் பதிவுகள், பழைய படங்கள், பயணச்சீட்டுகள் இருந்தால் அவையும் சான்றுதான். ஆனால் அட்டவணைக்குப் பிறகு.

எந்தக் காலத்து வடிவத்துக்குத் திரும்புவது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். நாற்பது வருடம் ஓடிய டிராமில் நடுவே கதவு மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும், விளக்கு மாறியிருக்கும். முதன்முதலில் செய்த நாளின் கோலத்துக்குக் கொண்டுபோனால் பிந்தைய வரலாறு அழியும். இதற்குப் பொதுவான வழிகாட்டிகள் உள்ளன: இடங்களுக்கு 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், ஓடும் ரயில்களுக்கு ரிகா சாசனம், மிதக்கும் கலங்களுக்குப் பார்சிலோனா சாசனம், சாலை வாகனங்களுக்கு டூரின் சாசனம். எல்லாவற்றின் சாரமும் கிட்டத்தட்ட ஒன்றே: தேவையான அளவு மட்டும் மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று, மாற்றியதைப் பதிவு செய். உங்கள் வண்டிக்குரிய சாசனத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அதன்படி நீங்கள் எடுத்த ஒரு கஷ்டமான முடிவைச் சொல்லுங்கள். உதாரணமாக, 14 செங்குத்துச் சட்டங்களில் 9-இன் அடிப்பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டுப்போடுகிறோம், முழுதாக மாற்றினால் மலிவு, ஆனால் அசல் மரம் போய்விடும் என்று.

ஓடத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் தவிர்க்காதீர்கள். ஓடும் வண்டி தேயும். மிக அரிய, அசல் மாறாத பொருளை ஓட வைக்காமல் நிலையாகப் பேணுவதே சரியாக இருக்கும் சமயங்கள் உண்டு. ஓட வைப்பது என்றால் எந்தத் தண்டவாளத்தில், எந்த அனுமதியின் பேரில், வருடத்துக்கு எத்தனை நாள் என்று எழுத வேண்டும். தண்டவாள அகலம் பொருந்தும் தடமே அருகில் இல்லாத டிராமை "ஓடும் நிலைக்கு" கொண்டுவரக் கேட்பதைவிட மோசமான விண்ணப்பம் இருக்க முடியாது.

யாரிடம் கேட்பது

ஒவ்வொரு நிதிக்கும் ஒரு நோக்கம் உண்டு. பாரம்பரிய நிதி பேணுதலைப் பார்க்கும், சுற்றுலாத் துறை வருகையைப் பார்க்கும், பயிற்சி நிதி எத்தனை இளைஞர் ரிவெட் அடிக்கவும் மரம் ஒட்டவும் கற்றார்கள் என்று பார்க்கும். ஒரே விண்ணப்பத்தை எல்லோருக்கும் அனுப்பாமல், ஒரே திட்டத்தின் வெவ்வேறு வேலைகளை வெவ்வேறு இடத்தில் கேளுங்கள். பிரிட்டனில் தேசிய லாட்டரிப் பாரம்பரிய நிதி பெரிய ஊற்று. அமெரிக்காவில் கடல்சார் பாரம்பரிய மானியத் திட்டம் 1994 சட்டத்தின் கீழ் வந்தது. அதற்குப் பணம் வருவது அரசின் பழைய கப்பல்களை உடைப்புக்கு விற்பதிலிருந்து. உடைபடும் கப்பல் இன்னொரு கப்பலுக்குச் சோறு போடுகிறது. ஆர்வலர் சங்கங்களின் சிறு மானியங்களையும் அலட்சியம் செய்யாதீர்கள். தொகை சிறிது, ஆனால் "ஏற்கெனவே ஒருவர் நம்பிக் கொடுத்திருக்கிறார்" என்ற வரி பெரிய இடத்தில் வேலை செய்யும்.

எழுதத் தொடங்கும் முன் திட்ட அலுவலரைப் போனில் கூப்பிடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எங்கள் அமைப்பு தகுதியானதா, இந்த வகை வேலை உங்கள் வரம்புக்குள் வருமா, பணம் முன்பே தருவீர்களா அல்லது செலவழித்த பிறகா.

செலவுக் கணக்கு

மேலே சொன்ன வேலைக் குறிப்பையே மூன்று பேருக்கு அனுப்பி எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பாய்லர் வேலை, பேரிங் வார்ப்பு போன்றவற்றுக்குச் செய்பவரே ஒருவர்தான் என்றால், மற்றவர்கள் முடியாது என்று அனுப்பிய பதில்களை இணைத்து ஒரு பத்தி விளக்கம் எழுதுங்கள். கொட்டேஷனின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். 60, 90 நாள் என்று இருக்கும். குழு முடிவெடுக்க அரை வருடம்கூட ஆகலாம். காலத்தை நீட்டித்து எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் விலையேற்றத்துக்கு ஒரு வரி சேருங்கள்.

மறந்துபோகும் செலவுகள்: கிரேன், டிரெய்லரில் ஏற்றிப் போக வர இரண்டு பயணம், ஆஸ்பெஸ்டாஸும் எண்ணெய்க் கழிவும் அப்புறப்படுத்துதல், வெளியார் பணிமனையில் இருக்கும்போது காப்பீடு, ஆய்வாளர் கட்டணம், சோதனை ஓட்டம், படப் பதிவு, கணக்குத் தணிக்கை, நிதி தந்தவர் பெயர்ப் பலகை. அரசிடமிருந்து திரும்பப் பெறக்கூடிய வரியை மானியத்தில் கேட்காதீர்கள், வெட்டிவிடுவார்கள்.

எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு? முழுதாகப் பிரித்து அளந்த வேலைக்கு 10 சதவீதம். பாதி பிரித்ததற்கு 15 முதல் 20. பிரிக்கவே இல்லையென்றால் 30 போட்டாலும் போதாது. அதற்கு ஆய்வு மானியமே வழி. சில நிதிகள் இந்த வரியை ஏற்காது. அப்போது விலைகளை ஊதிப் பெருக்காமல், "தேவைப்பட்டால்" என்ற தலைப்பில் குறிப்பிட்ட வேலைகளை அளவோடும் விலையோடும் தனியாகக் காட்டுங்கள்.

உங்கள் பங்கு பணமாகவும் உழைப்பாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் சில மத்திய திட்டங்களில் மானியத்துக்குச் சமமான தொகையை நீங்கள் காட்ட வேண்டும். தன்னார்வலர் நேரத்தை ஏற்கும் திட்டங்களில் மணிக்கு எவ்வளவு என்பதை அவர்களே சொல்லியிருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள். 4 பேர், சனிக்கிழமைக்கு 6 மணி நேரம், 30 சனிக்கிழமை என்றால் 720 மணி நேரம். ஆனால் இதில் தேநீரும் அரட்டையும் வேடிக்கை பார்க்க வந்தவருக்கு விளக்குவதும் அடங்கும். வேலை நேரமாக மூன்றில் இரண்டு பங்கு வைத்துக் கால அட்டவணை போடுங்கள். வருகைப் பதிவேட்டில் தேதி, பெயர், செய்த வேலை, வந்த நேரம், போன நேரம், பொறுப்பாளர் கையொப்பம் வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பதிவேடு ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்று தணிக்கையாளருக்குப் பளிச்சென்று தெரியும். ஒரே மணி நேரத்தை இரண்டு மானியத்தில் காட்டக் கூடாது.

பணம் வரும் வேகம்

ஒப்புதல் கிடைத்த சங்கங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். திட்டத்தின் மொத்த மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். மானியம் 60, சங்கத்தின் ரொக்கம் 25, தன்னார்வ உழைப்பு 15. ஆக, கையிலிருந்து போகும் பணம் 85: ஒப்பந்தக்காரர் 60, பொருட்கள் 12, காப்பீடும் பதிவும் ஆய்வும் 5, எதிர்பாராச் செலவு 8. மானியத்தில் பாதி தொடக்கத்திலும், 40 சதவீதம் நடுவில் ரசீது காட்டிய பிறகும், மீதி 10 சதவீதம் இறுதி அறிக்கைக்குப் பிறகும் வருகிறது. அதாவது 30, 24, 6.

தொடக்கத்தில் கையில் 30-உம் 25-உம் சேர்த்து 55. ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் 24, காப்பீடு முதலியன 5 போனால் 29. பிரச்சினை இல்லை. நடுக்கட்டத்தில் ஒப்பந்தக்காரருக்கு இன்னொரு 24, பொருட்களுக்கு 10. மொத்தம் 63 போயாக வேண்டும், வந்ததோ 55. அந்த 63-க்கு ரசீது காட்டினால்தான் அடுத்த 24 வரும். 8 துண்டு விழுகிறது. அது வந்த பிறகு மொத்த வரவு 79. கடைசியில் ஒப்பந்தக்காரர் பாக்கி 12, பொருட்கள் 2, எதிர்பாராச் செலவு 8 போனால் 85. மறுபடி 6 துண்டு. இறுதி அறிக்கை ஏற்கப்பட்டு அந்த 6 வரும்வரை அதைச் சங்கம்தான் சுமக்க வேண்டும். எதிர்பாராச் செலவு நடுக்கட்டத்திலேயே வந்தால் துண்டு 16 ஆகிவிடும்.

இந்தக் கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே போட்டு, 16-ஐ யார் கைமாற்றாகத் தருவார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். அல்லது ஒப்பந்தக்காரரின் தவணைகளை மானியத் தவணைகளோடு பொருத்திப் பேசுங்கள். நிதி தருபவரிடம் தவணைகளை மூன்றுக்குப் பதில் நான்காகப் பிரிக்கக் கேட்பதும் தவறில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

ஒப்புதல் வந்த பிறகு

ஒப்புதல் கடிதம் வந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலை ஆர்டர் கொடுக்காதீர்கள். முன்தேதியிட்ட செலவை ஏறக்குறைய எந்த நிதியும் ஏற்காது. டாக்கில் இடம் பிடிக்க முன்பணம் கட்ட நேர்ந்தால் அதை மானியக் கணக்குக்கு வெளியே வையுங்கள், அல்லது முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

வேலையில் எது மாறினாலும் செய்யும் முன் சொல்ல வேண்டும். தகட்டைத் திறந்ததும் புதிதாக அழுகல் தெரிகிறது என்றால் அன்றே படம், அளவு, கூடுதல் விலை, எந்த வேலையைக் குறைத்து ஈடுகட்டலாம் என்ற யோசனை நான்கையும் ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். செய்து முடித்துவிட்டுச் சொன்னால் அந்த ரசீது நிராகரிக்கப்படலாம்.

படங்களை ஒரே இடத்தில் நின்று, அளவுகோலை வைத்து, முன்பு, நடுவில், பின்பு என்று எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எண் சீட்டு. மாற்றிய பழைய பாகத்தில் ஒரு மாதிரியையாவது எறியாமல் வையுங்கள். புது மரத்திலும் புதுத் தகட்டிலும் வருடத்தைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் குத்திவிடுங்கள். இன்னொரு முப்பது வருடத்தில் பிரிப்பவருக்கு எது அசல் என்று தெரியும்.

பராமரிப்புத் திட்டத்தையும் இறுதி அறிக்கையோடு கேட்பார்கள்: வருடத்துக்கு என்ன சோதனை, யார் செய்வார், பணம் எங்கிருந்து. மானியத்தால் சீரமைத்த வண்டியைக் குறிப்பிட்ட வருடங்களுக்குள் விற்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அதைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் அந்த வண்டிக்கு எதிரே எழுதி வையுங்கள், இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வரும் நிர்வாகிகளுக்குத் தெரியாது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பெண் தாளையும் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலானோர் தருவார்கள். "பணம் போதவில்லை" என்றால் அடுத்த சுற்றில் விலைகளை மட்டும் புதுப்பித்துக் கொடுக்கலாம். "வேலை தெளிவில்லை" என்றால் நிலை அறிக்கைக்குத் திரும்பி, ஊகம் என்று குறித்த வரிகளில் எத்தனையை அளந்தது என்று மாற்ற முடியும் என்று பாருங்கள். அதை முடிக்காமல் அதே படிவத்தை இன்னோர் இடத்துக்கு அனுப்பினால் அதே பதில்தான் வரும்.